வட்டம் வைக்காத வாக்கியம்

செவ்வாய்க்கிழமை, காலை 8.10.

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்து. காசு மாற்றும் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. குமுதா தன்னிடமிருந்த சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மொரிதா சாப்பாட்டு மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

மொரிதாவுக்கு எழுபத்தொரு வயது. புக்கிட் தெங்காவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் பல வருடம் பொறியியலாளராக இருந்தவர். மனைவி இறந்துவிட்டதால் ஓய்வுக்குப் பிறகு ஜப்பானுக்குத் திரும்பவில்லை. இதய நோயாளி. மூன்று வருடமாக குமுதாதான் காலை எட்டு மணிக்கு வந்து, சமைத்து, வீட்டைத் துடைத்து, மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் போவாள்.

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அடுத்து நாதனைக் கூப்பிட்டாள். மொரிதாவின் வீசா வேலைகளைப் பார்ப்பவர் அவர்தான்; ஜப்பானிய மொழி தண்ணீர்பட்ட பாடு. அன்று ஏதோ வேலையாக ஜார்ஜ்டவுனில் இருந்ததால் 8.30க்கே வந்துவிட்டார்.

"நீ கீழ போய் நில்லு குமுதா. ஆம்புலன்ஸ்காரனுக்கு இந்தச் சந்து தெரியாது, சுத்திக்கிட்டே இருப்பான்" என்றார்.

அவள் போய் நின்றாள். பத்து நிமிடம் கழித்து ஆட்களோடு மேலே வந்தபோது நாதன் ஜன்னலோரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

9.05க்குப் போலீஸ் வந்தது. நாதன் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். மேசைக்கு அடியில் கிடந்ததாம். என்ன எழுதியிருக்கிறது என்று சார்ஜன்ட் கேட்டார். நாதன் குமுதாவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லவே சங்கடமா இருக்கு. குமுதா ஈவில்னு, கொடியவள்னு எழுதியிருக்கார்."

புதன்கிழமை பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. இதய மாத்திரை, இருக்க வேண்டியதைப் போல் பல மடங்கு, தேநீரில் கரைந்து உள்ளே போயிருந்தது. மாத்திரைப் புட்டியில் குமுதாவின் கைரேகை. சாவி குமுதாவிடம். அன்று மாலையே அவளை நான்கு நாள் ரிமாண்டில் வைத்தார்கள்.

வியாழக்கிழமை, காலை 10.00.

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரன் ஒரு மொழி வகுப்பின் வாசலில் காத்திருந்தார். உள்ளே அன்னமேரி ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. முன்பு தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளர். எட்டு வருடமாக இந்த வகுப்பு.

"ஒரே ஒருத்தர் மொழிபெயர்ப்பை வச்சு ஒரு பொம்பளையை உள்ள தள்ளியிருக்கேன், டீச்சர். எனக்கே மனசு ஒப்பல. நீங்க ஒரு தடவ பாருங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் காகிதம் இருந்தது. நான்கு விரல் அகலம். எழுத்து மேலிருந்து கீழாக ஒரே வரியாக இறங்கியது. மையில் தோய்ந்த மெல்லிய நுனிப் பேனா. அச்சடித்தது போன்ற எழுத்து, நடுக்கமில்லை, கோணலில்லை. கடைசி எழுத்துக்குக் கீழே விரற்கடை இடம்கூட இல்லாமல் காகிதத்தின் விளிம்பு வந்துவிட்டது. மடித்துக் கிழித்தது போல நேரான விளிம்பு.

"குமுதா-சான் வருய்" என்று அவள் வாசித்தாள். "சான்னா மரியாதைக்குச் சேர்க்கறது. இதை ஈவில்னு சொன்னது யாரு?"

"தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. இங்கிலீஷ்ல ஈவில்னா மனசறிஞ்சு செய்யிற கொடுமை. ஜப்பான்காரங்க அதுக்கு 'அக்கு'ன்னு வேற சொல் வச்சிருக்காங்க. 'வருய்' சாதாரணச் சொல். பழம் அழுகினாலும் வருய், உடம்பு சரியில்லன்னாலும் வருய், மிஷின் கெட்டாலும் வருய். சண்டையில யார் மேல தப்புன்னு கேட்டாலும் அதே சொல்தான்."

"அப்ப குமுதா மேலதான் தப்புன்னு அர்த்தம் வருமா?"

அன்னமேரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "வரும்" என்றாள்.

புவனேஸ்வரன் அதை எதிர்பார்க்கவில்லை. உறையைக் கோப்புக்குள் செருகினார்.

"நான் குமுதாவைப் பார்க்கணும், சார்."

வியாழன், பிற்பகல் 1.30.

விசாரணை அறையில் குமுதா ஊதாநிற லோக்கப் உடையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து நான்கு வயது. உள்ளே வந்ததிலிருந்து சாப்பிடவில்லை என்று காவலுக்கு நின்ற ரோஹானா சொன்னாள். வக்கீல் வேண்டுமா, வீட்டுக்குப் போன் போட வேண்டுமா என்று கேட்டதற்கெல்லாம் குமுதா பதில் சொல்லவில்லை. அன்னமேரியைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியுமாமே. அவரு என்னை அப்படியா எழுதினாரு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். திங்கக்கிழம நீங்க கிளம்பும்போது வீடு எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் கழுவித் துடைச்சு அலமாரியில வச்சுட்டுத்தான் வந்தேன். நாலு மணி. நல்லாத்தான் இருந்தாரு."

"கப்பு?"

"எல்லாமே அலமாரியிலதான்."

"யார் கூடவாவது அவருக்குச் சண்டையா?"

குமுதா யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் கணவன் குகன், மொரிதா இருந்த அதே தொழிற்சாலையில் வேலை செய்தான். பதினான்கு வருடத்துக்கு முன் தகடு அழுத்தும் மிஷினில் சிக்கிச் செத்துப்போனான். தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனி அறிக்கை சொன்னது. நஷ்டஈடு கிடைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்த ஆங்கில அறிக்கையின் நகல் கிடைத்தது. இவருக்கு ஞாபகம் இருக்குமா என்று மொரிதாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அகராதியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லா படிச்சாரு. அன்னிக்கு முழுக்கப் பேசவே இல்ல. மறுநாள் என் முன்னால வந்து குனிஞ்சு நின்னாரு, அக்கா. 'நான் மிஷின் வருய்னு எழுதினேன். குகன் வருய்னு எழுதல'ன்னு சொன்னாரு. ஜப்பான் மொழியில எழுதின காகிதம் தன்கிட்ட இருக்காம். வக்கீல்கிட்ட கொடுக்கறேன்னு சொன்னாரு. நேத்து புதன்கிழமதான் வக்கீலைப் பார்க்க வேண்டிய நாள்."

அன்னமேரியின் பேனா நின்றுவிட்டது. முகம் வெளுத்ததை ரோஹானா கவனித்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அன்னமேரி தலையசைத்தாள்.

"குமுதா, அவரு உங்ககிட்ட எந்த மொழியில பேசுவாரு?"

"மலாய் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம். எனக்கு ஜப்பான் எழுத்து கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தாரு. பாலு முடிஞ்சிருச்சு, முட்டை வாங்குன்னு எழுதி ஐஸ்பெட்டியில ஒட்டி வைப்பாரு. ஒரு கப்பு தண்ணி கேட்டாலும் மொதல்ல 'குமுதா-சான், வருய் கெடோ'ன்னு சொல்லிட்டுத்தான் கேப்பாரு. அது அவரு வாயில எப்பவும் வரும், லா."

அன்னமேரி எழுந்து நின்றாள். சுவரோரம் நின்ற இன்ஸ்பெக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

வியாழன், மாலை 4.20.

நாதனின் அலுவலகம் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. அன்னமேரியைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார்.

"அன்னமேரி! எத்தனை வருஷமாச்சு. இன்ஸ்பெக்டர், தொழிற்சாலை மொழிபெயர்ப்புல இவங்க என்கிட்ட ஜூனியரா இருந்தவங்க, தெரியுமா?"

புவனேஸ்வரனுக்குத் தெரியாது. அவர் அன்னமேரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா மொரிதாவை எப்ப பார்த்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"போன மாசம். வீசா விஷயமா."

"திங்கக்கிழம சாயந்திரம்?"

"இங்கேதான் இருந்தேன். தனியா."

"செவ்வாய்க்கிழம காலையில குமுதா கீழ போனப்ப எவ்வளவு நேரம் தனியா இருந்தீங்க?"

"ரொம்ப நேரமில்ல. பாடியைத் தொடவே இல்ல. காகிதம் கீழ கிடந்தது, எடுத்து வச்சேன்."

"எடுத்தப்பவே கிழிஞ்சிருந்துச்சா, நாதன் அண்ணே?" அன்னமேரி கேட்டாள்.

"நான் எடுத்தபடியே கொடுத்துட்டேன், மா. பாவம், சாகுற நேரத்துல எழுதியிருக்கார். கை நடுங்கி, கடைசி எழுத்தெல்லாம் இடப்பக்கமா சரிஞ்சு போயிருந்துச்சு. பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு."

"ஆமா" என்றாள் அன்னமேரி. "கஷ்டமாத்தான் இருக்கும்."

வெள்ளிக்கிழமை, காலை 9.30.

மொரிதாவின் வீடு. ஐஸ்பெட்டியின் கதவில் காந்த வில்லைகளுக்கு அடியில் பதினோரு துண்டுகள் இருந்தன. அன்னமேரி ஒவ்வொன்றாக வாசித்தாள். பால் இல்லை. முட்டை ஆறு. நாளை மழை, குடை எடுத்து வா. ஒவ்வொரு துண்டிலும் வாக்கியம் முடிந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. ஜப்பானிய மொழியில் அதுதான் முற்றுப்புள்ளி. ஒற்றைச் சொல்லாக 'முட்டை' என்று எழுதியிருந்த துண்டில்கூட மனிதர் வட்டத்தை விடவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியருகே இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

மேசை இழுப்பறையில் காகிதக் கட்டு கிடைத்தது. மேலே எழுதியதன் தடம் அடுத்த தாளில் பதிந்திருக்குமா என்று புவனேஸ்வரன் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அழுத்தாமல் எழுதும் மெல்லிய நுனிப் பேனா; ஒரு கீறலும் இல்லை. கீழே காசு மாற்றும் கடையின் கேமரா நாற்பத்தெட்டு மணி நேரம்தான் சேமிக்கும். திங்கள் மாலை அழிந்துபோய்விட்டது. அந்தப் பழைய ஜப்பானிய அறிக்கை வீட்டில் எங்கும் இல்லை. தொழிற்சாலைக்குப் போன் போட்டார்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அழித்துவிடுவோம் என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள்.

"வேற எங்கயாவது தேடலாமா, டீச்சர்?"

"எங்கன்னு தெரியல, சார்."

வெள்ளி, மாலை 5.00.

போலீஸ் நிலையத்தில் ஒரு சின்ன அறை. நாதன் தன் வக்கீலோடு வந்திருந்தார். புவனேஸ்வரன் கதவைச் சாத்தினார். அன்னமேரி உறைக்குள்ளிருந்த காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"இது முடிஞ்ச வாக்கியம் இல்ல" என்றாள். "மொரிதா முட்டைன்னு எழுதினாலும் வட்டம் போடற ஆளு. இதுல வட்டம் இல்ல. இதுக்குக் கீழே இன்னும் எழுத்து இருந்துச்சு. யாரோ அந்தப் பாதியை மடிச்சுக் கிழிச்சிருக்காங்க."

"கிழிச்சதுல என்ன இருந்துச்சாம்?" என்றார் வக்கீல்.

"அடுத்த ரெண்டு எழுத்து எனக்குத் தெரியும். 'கெடோ'. வருய்னு நிறுத்தினா தப்பு, கெட்டதுன்னு அர்த்தம். வருய் கெடோன்னா, சிரமத்துக்கு மன்னிச்சுக்க, ஆனான்னு அர்த்தம். நெருங்கினவங்ககிட்ட உதவி கேக்கறப்ப சொல்றது. நம்ம தமிழ்லயே வச்சுப் பாருங்க, சார். 'குமுதா, தப்பா நினைச்சுக்காதம்மா, கொஞ்சம் சீக்கிரம் வா'ன்னு ஒருத்தர் எழுதுறாரு. 'குமுதா தப்பா'ங்கிற இடத்துல காகிதத்தைக் கிழிச்சுட்டா என்ன ஆகும்?"

புவனேஸ்வரன் மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்தார்.

"அவருக்கு உடம்பு முடியாம போனது ராத்திரி. போன் பக்கத்துலேயே இருந்துச்சு. ஆனா வீட்டுக்குப் போன பொம்பளையை எழுப்ப வேணாம்னு, காலையில வந்ததும் பார்க்கட்டும்னு எழுதி வச்சாரு. மாத்திரையால வந்த மயக்கம்னு அவருக்குத் தெரியாது. எழுத எழுதக் கை தளர்ந்துபோச்சு." அவள் நாதன் பக்கம் திரும்பினாள். "கடைசி எழுத்தெல்லாம் சரிஞ்சு போயிருந்துச்சுன்னு நேத்து சொன்னீங்க, அண்ணே. இந்தப் பாதியில ஒரு எழுத்துகூட சரிஞ்சு போகல. நல்லா பாருங்க. சரிஞ்ச எழுத்து கீழ்ப்பாதியில இருந்துச்சு. அதைப் பார்த்த ஒரே ஆளு, அதைக் கிழிச்ச ஆளுதான்."

நாதன் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"வெளிநாட்டுக்காரர் தனியா செத்தா போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். மாத்திரை வெளிய வரும். அப்ப பழியை ஏத்துக்க ஒரு ஆள் வேணும். காகிதத்தை எடுத்துப் பார்த்ததும் வழி கிடைச்சுருச்சு. திங்கக்கிழம நாலு மணிக்கு அப்புறம் அலமாரியிலேருந்து ரெண்டு கப்பு வெளிய வந்திருக்கு; அவரோட உட்கார்ந்து டீ குடிச்சது நீங்கதான். அந்தப் பழைய அறிக்கையை எடுத்துட்டுப் போனதும் நீங்கதான். 'மிஷின் வருய்'னு அவரு எழுதினதைத் தொழிலாளி மேல தப்புன்னு இங்கிலீஷ்ல மாத்தினது நீங்கங்கிறது புதன்கிழம வக்கீல்கிட்டப் போயிருக்கும். அதை அவரே உங்ககிட்ட சொல்லியிருப்பாரு."

நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுத்து சரிஞ்சிருந்துச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். இதை வச்சு என்ன பண்ணுவீங்க? டீ குடிச்சதை யாரு பார்த்தா? அந்த அறிக்கை எங்க இருக்கு?" குரல் உயரவே இல்லை. "வருய்னா ஈவில்னும் அகராதியில போட்டிருக்கு. நான் மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான். அப்புறம் அன்னமேரி, பழைய அறிக்கையைப் பத்திப் பேசறியே, அந்த இங்கிலீஷை உட்கார்ந்து திருத்தினது யாருன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?"

புவனேஸ்வரன் அன்னமேரியைப் பார்த்தார்.

"நான்தான்" என்றாள். "மேசையில கொண்டுவந்து வச்சாரு. இலக்கணம் மட்டும் பாருன்னாரு. ஜப்பான் மொழியில என்ன இருக்குன்னு நான் கேக்கல, சார். வேலையில சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை குமுதாவை விட்டார்கள். நாதனை நான்கு நாள் ரிமாண்டில் வைத்து விசாரித்தார்கள். அவர் வீட்டிலும் அலுவலகத்திலும் தேடினார்கள். கிழிந்த பாதி கிடைக்கவில்லை. அறிக்கையும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை அவருடைய காடி எண் பாலத்துச் சுங்கச் சாவடிப் பதிவில் இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இல்லை. காடி இல்லாமல் ஃபெரிப் படகில் வந்திருந்தால் பதிவே இருக்காது. அரசு வக்கீல் வழக்குக் கோப்பை இரண்டு தடவை படித்தார். ஒரு வட்டம் இல்லாததையும் ஒரு வாய் தவறிய பேச்சையும் வைத்துக் கொலைக் குற்றம் சாட்ட முடியாது என்று திருப்பி அனுப்பினார். ஐந்தாம் நாள் நாதன் தன் காடியிலேயே வீட்டுக்குப் போனார்.

"நீங்க சொன்னது அத்தனையும் உண்மைன்னு எனக்குத் தெரியும், டீச்சர்" என்றார் புவனேஸ்வரன். "அவருக்கும் தெரியும். அதுக்கு மேல என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பிற்பகல் 3.40. ஜெட்டிப் படகுத்துறையில் ஃபெரிக்குக் காத்திருந்த குமுதாவின் பக்கத்தில் அன்னமேரி வந்து உட்கார்ந்தாள். மொரிதாவின் தங்கை ஜப்பானிலிருந்து வந்து அஸ்தியை வாங்கிக்கொண்டு போயிருந்தார். வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு குமுதா திரும்பிக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அவளுடைய சமையல் துணியும் செருப்பும் இருந்தன.

"அவரு என்னைக் கெட்டவள்னு எழுதலதானே, அக்கா?"

"இல்ல. உங்களைக் கூப்பிட்டிருக்காரு."

"நான் எட்டு மணிக்குத்தானே போனேன்" என்றாள் குமுதா. "போன் போட்டிருந்தா ராத்திரியே ஓடி வந்திருப்பேன்."

அன்னமேரி அன்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். சொன்னாள். அந்த அறிக்கை தன் மேசைக்கு வந்ததையும், தான் கேட்காமல் விட்டதையும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். குமுதா அழவில்லை. திட்டவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபெரி கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

"அதுல எங்க வீட்டுக்காரர் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சரியா போட்டிருந்தாங்களா? அவரு பேரை எல்லாரும் இங்கிலீஷ்ல தப்பாத்தான் எழுதுவாங்க."

"தப்பாத்தான் இருந்துச்சு" என்றாள் அன்னமேரி. "அதை மட்டும் நான் சரி பண்ணினேன்."

வாசல் திறந்தது. குமுதா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.